இரண்டாவது முட்டை

இன்று காலை ஸ்பிரிட் வாசனை வந்தது. என்னைப் பார்த்துக்கொள்ள வரும் பெண், கைகளில் அந்தத் திரவத்தை ஊற்றித் துடைத்துக்கொண்டு, என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் விரலை வைத்து அழுத்தினாள். எடுத்துப் பார்த்தாள். மறுபடியும் அழுத்தினாள். இரண்டாம் முறை அழுத்தியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"செவந்திருக்கா?" என்று கேட்டேன்.

"லேசாத்தாங்கம்மா. ஒரு ரூபா அகலம் இருக்கும்."

"அந்த ஸ்பிரிட்டக் கொஞ்சம் ஊத்தி நல்லாத் தேய்ச்சு விடு. அப்புறம் பவுடர் போடு."

"தேய்க்கக் கூடாதுங்கம்மா. செவந்த எடத்தத் தேய்ச்சா உள்ளயே நைஞ்சி போயிரும். பாரம் படாம வெச்சாப் போதும்." தலையணையை என் இடுப்புக்குப் பின்னால் சொருகிவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். நாற்பது வயதுக்காரி, சூளகிரிப் பக்கம். கம்பெனி வேலையை விட்டுவிட்டு இந்த வேலைக்குப் பயிற்சி எடுத்தவள். அவள் சொன்னது சரி. அது சரியென்று எனக்கு முப்பது வருடங்களாகத் தெரியும். தெரிந்தும் வாய் பழைய பாடத்தைத்தான் சொன்னது.

குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் தகடு வைத்து, நான் படுத்து ஐந்து வாரம் ஆகிறது. நீ கண்ணை மூடி நான்கு மாதம். இந்த ஐந்து வாரமும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கையில், உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எண்பது தாண்டியவள் தன் முதுகுக்குப் பயப்படுவது இயல்பு. நான் பயப்படுவது அதற்கு மட்டுமல்ல. உனக்குப் படிக்கத் தெரியாது. உனக்கு வந்த கடிதங்களை எல்லாம் நான்தான் படித்துச் சொல்லியிருக்கிறேன். இதையும் ஒவ்வொரு வரியாக உதட்டுக்குள் படித்துக்கொண்டே எழுதுகிறேன். நீ கேட்பதாகவே வைத்துக்கொள்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம், உன் வீட்டுக்காரரை மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்தார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு தோப்பில் புளி உலுக்க ஏறியவர் கிளையோடு விழுந்திருந்தார். தொடை எலும்பு முறிந்திருந்தது. ஓசூருக்கு வெளியே, சாலையோரத்தில் இருந்த எங்கள் சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில் அப்போது ஆண்கள் வார்டு பன்னிரண்டு கட்டில். நான் பயிற்சி முடித்து ஒரு வருடம் ஆகியிருந்த நர்ஸ். நீ என்னைவிட இரண்டு வயது மூத்தவள். தளி மலைப் பக்கத்தில் பிறந்து, வீட்டில் கன்னடமும் வெளியில் தமிழுமாக வளர்ந்தவள். முதல் நாளே நான் உன்னை "நீ" என்றேன். நீ என்னை "நீங்க" என்றாய். அறுபது வருடம் அப்படியே ஓடிவிட்டது. ஒரு நாளும் நான் அதை மாற்றச் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் தொடை முறிந்தால் காலைக் கட்டி, கட்டில் முனையில் உருளை வைத்து, அதன் வழியே மணல் மூட்டையைத் தொங்கவிடுவார்கள். எலும்பு சேர மூன்று மாதம்போல் அப்படியே மல்லாந்து கிடக்க வேண்டும். புரளக் கூடாது. மல்லாந்து கிடப்பவனுக்கு முதுகின் அடியில் தோல் சிவக்கும், பிறகு உரியும், பிறகு குழி விழும். படுக்கைப் புண் வந்தால் அது நர்ஸின் தலைக்குனிவு என்று எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். அதை நான் கேட்டுக்கொண்டதோடு நிற்கவில்லை, விழுங்கியே வைத்திருந்தேன். என் கட்டில்களில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சோப்பும் வெந்நீரும் கொண்டுபோவேன். உன் வீட்டுக்காரர் தலைக்கு மேல் தொங்கிய கயிற்றைப் பிடித்து இடுப்பைத் தூக்குவார். நான் கையை உள்ளே விட்டுக் கழுவி, ஸ்பிரிட் ஊற்றி, தோல் சூடேறும் வரை அழுத்தித் தேய்த்து, பவுடர் போட்டு, காற்றடைத்த ரப்பர் வளையத்தை இடுப்புக்கு அடியில் வைப்பேன். எவ்வளவு அழுத்தித் தேய்க்கிறோமோ அவ்வளவு ரத்தம் ஓடும் என்பது எங்கள் பாடம்.

நீ ஒரு நாள் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாய். "தேய்க்கறப்ப பல்லக் கடிக்கறாரு, நர்ஸம்மா. கொஞ்சம் மெதுவா..."

"எனக்கு வேலை கத்துக்குடுக்க வந்தியா நீ?" என்றேன்.

நீ நகர்ந்துவிட்டாய். அந்த வாக்கியத்தைத்தான் இத்தனை வருடம் கழித்து என் காது அடிக்கடி கேட்கிறது.

மூன்றாவது வாரத்தில் தோல் உரிந்தது. நான்காவது வாரத்தில் உள்ளங்கை அளவுக்குக் குழி. காலையும் மாலையும் உப்புத் தண்ணீரில் கழுவிக் கட்டுப் போட்டேன். அது ஆறவில்லை. கஞ்சித் தெளிவைப்போல வெளுத்து, ஈரமாக, உயிரில்லாமல் இருந்தது. டாக்டர் ஐயா குனிந்து பார்த்துவிட்டு, வார்டுக்கு வெளியே வந்ததும் சொன்னார்: "இது இன்னும் உள்ளே போனால் எலும்பைத் தொட்டுவிடும். ரத்தத்தில் விஷம் ஏறினால் ஆள் நிற்கமாட்டான். காலை அவிழ்த்துப் புரட்டிப் போடலாம், அப்புறம் கால் சேராது. இரண்டு வாரம் பார்ப்போம்." பெரிய சிஸ்டர் ஒன்றும் திட்டவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டார். அவ்வளவுதான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டர் ஐயா எழுதிய உணவு அட்டை கட்டிலின் கால்மாட்டில் தொங்கியது. காலையில் பால், மதியம் பருப்பும் முட்டையும், மாலையில் மறுபடியும் பால். புண் ஆறுவதற்கு மருந்தைவிட அதுதான் வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். பன்னிரண்டு மணிக்கு ஜெப மணி அடித்ததும் சமையற்கட்டிலிருந்து தட்டுகள் வரும். அந்த நேரத்தில்தான் நர்ஸ்களும் சாப்பிடப் போவோம். திரும்பி வந்ததும் நான் ஒவ்வொரு கட்டிலாகத் தட்டைப் பார்ப்பேன். உன் வீட்டுக்காரர் தட்டு கழுவி வைத்ததுபோல் காலியாக இருக்கும். கான்வென்ட்டில் பழகிய சாய்வெழுத்தில், ஆங்கிலத்தில், 'முழு உணவும் உண்டார்' என்று எழுதுவேன். ஒரு நாள்கூடத் தவறாமல் எழுதினேன்.

அடுத்த கட்டிலில் தெலுங்குக்காரக் கிழவர் ஒருவர் இருந்தாரே, உனக்கு மறக்காது. வண்டி ஓட்டுகிறவர், குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு மாடு ஓட்டிப்போனவர். கூட யாரும் கிடையாது. முழங்காலுக்குக் கீழே நான்கு வருடமாக ஆறாத புண். என்னை "தல்லி" என்பார், தெலுங்கில் தாயே என்று அர்த்தம். அவருக்கு அட்டையில் ஒரு முட்டைதான், பால் கிடையாது. ஒரே தட்டிலிருந்து எடுத்த துணி, ஒரே உப்புத் தண்ணீர், ஒரே கை. நான்கு வருடப் புண் மாதுளை முத்துப்போலச் சிவந்த புதுச் சதை வைத்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு வாரப் புண் செத்துக் கிடந்தது. கிழவர் கன்னம்கூட உப்பியிருந்தது. "ஆஸ்பத்திரி எனக்கு மாமியார் வீடு ஆயிருச்சு, தல்லி. பொண்ணுதான் இல்ல" என்பார். வார்டே சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கையில் என்ன குறை என்று ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் உள்ளே பதறினேன்.

டாக்டர் ஐயா கெடு வைத்த மறுநாள், சாப்பிடப் போனவள் பாதி வழியில் திரும்பினேன். உணவு அட்டைகளுக்கு நடுவே என் பேனாவை விட்டுவிட்டிருந்தேன். அதை யாரிடமும் விட்டுவைக்க எனக்கு மனம் வராது. வார்டுக்குள் நுழைந்தபோது கிழவர் மீசையில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது. தலையணை ஓரத்தில் இரண்டு முட்டைகளின் ஓடு.

"உங்களுக்கு ஒரு முட்டைதானே?" என்றேன்.

"ஒண்ணு ஆஸ்பத்திரி குடுத்தது. ரெண்டாவது சாமி குடுத்தது, தல்லி" என்றார், வாயைத் துடைத்துக்கொண்டே.

நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு நின்றாய். உன் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கையில் நீ கரைத்து வைத்திருந்த உப்புக் கஞ்சி இருந்தது.

அப்போது நான் பேசியதை நீ பிறகு எத்தனையோ முறை சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் சொன்னாய். நான் ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை. வார்டு முழுக்கக் கேட்கும்படி, "உன் புருஷனை நீயே பட்டினி போட்டுக் கொல்றே. அவர் செத்தா அது உன் கையாலதான்" என்றேன்.

நீ அழவில்லை. முந்தானையை வாயிலிருந்து எடுத்தாய். "புண்ணுக்காரனுக்கு முட்டையும் பருப்பும் பாலும் குடுத்தா சீழ் வெக்கும்னு மாமியா சொன்னாங்க. எங்கூர்ல எல்லாரும் அப்டித்தான் வெச்சிப் பாக்கறது. நான் கொல்லப் பாக்கல, நர்ஸம்மா. காப்பாத்தத்தான் பாத்தேன்."

"அதை ஏன் எங்கிட்ட சொல்லலே?"

"நீங்க கேக்கலியே. வருவீங்க, தட்டு காலியான்னு பாப்பீங்க, எழுதுவீங்க, போவீங்க. தட்டு காலியா இருந்தாத்தான் உங்களுக்குச் சந்தோஷம். அதான் காலி பண்ணேன். கொட்றதுக்கு மனசு வர்ல, தாத்தாவுக்குக் குடுத்தேன்."

கோபம் தீரவில்லை, ஆனால் அதை வைத்துக்கொள்ள இடமில்லாமல் போய்விட்டது. மாதம் முழுக்க நான் எழுதிய அத்தனை வரியும் பொய். நீ ஒரு பொய்யும் சொல்லவில்லை. நான் தட்டைப் பார்த்தேன், வாயைப் பார்க்கவில்லை.

உன்னிடம் பாடம் நடத்திப் பயனில்லை என்று தெரிந்தது. புத்தகத்தில் இருப்பதைவிட உன் மாமியார் சொல் உனக்குப் பெரியது, அது நியாயமும்கூட. என்ன செய்வதென்று தெரியாமல், ஒருபோதும் செய்யாத ஒன்றைச் செய்தேன். கட்டுப் பிரிக்கும்போது கூட இருப்பவர்களை வெளியே அனுப்பிவிடுவது என் சட்டம். உன் புருஷனின் புண்ணை நீ அதுவரை கண்ணால் பார்த்ததே இல்லை. அன்று உன்னை உள்ளேயே நிற்கச் சொல்லிவிட்டு, முதலில் கிழவரின் காலைப் பிரித்தேன். பிறகு திரையை இழுத்து, உன் வீட்டுக்காரர் இடுப்பைத் தூக்கச் சொல்லி, கட்டை எடுத்தேன். வாடை உன் முகத்தில் அடித்ததும் நீ சுவரைப் பிடித்துக்கொண்டாய்.

"ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதான்" என்றேன். "உன் முட்டையும் பாலும் அந்தக் காலுக்குப் போயிருச்சு. இங்க சதை வளர எதுவுமே வரல. அந்தக் கால்ல சீழ் இருக்கா, நீயே சொல்லு."

நீ திரையை விலக்கினாய். மறுபடியும் போய் கிழவர் காலைப் பார்த்துவிட்டு வந்தாய். கிழவர் முதன்முறையாக வேடிக்கை பேசவில்லை. "தெரியாம தின்னுட்டேன், தல்லி. நாளையிலருந்து என்னோடதையும் அவனுக்கே குடுத்துருங்க. இந்தக் காலப் பாக்க எனக்கு வெக்கமா இருக்கு" என்றார்.

மறுநாள் மதியம் நான் சாப்பிடப் போகவில்லை. நீ முட்டையை உரித்து, உப்புப் போட்டுப் பிசைந்து, அவர் உதட்டருகே கொண்டுபோனாய். அவர் "பேடா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் உனக்கிருந்த அதே பயம்தான். வேண்டாம் என்று அவர் சொல்ல, நீ கன்னடத்தில் ஏதோ சொன்னாய். அவர் வாயைத் திறந்தார். என்ன சொன்னாய் என்று நான் பிறகு கேட்டேன். "சீழ் வெச்சா எனக்கும் அதே கட்டில்ல எடம் போடச் சொல்றேன்னேன்" என்றாய்.

நான்காம் நாள் கட்டைப் பிரித்தபோது துணி தொப்பலாக நனைந்திருந்தது. முன்னைவிட அதிகமாக ஒழுகியது. நீ பக்கத்தில்தான் நின்றாய். இனி உன்னை வெளியே அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். "பாத்தீங்களா? நான் சொன்னேனே. பாத்தீங்களா?" என்று முணுமுணுத்தாய். செத்த சதை கழன்று வரும்போது அப்படித்தான் ஒழுகும் என்று உனக்கு அழுத்தமாகச் சொன்னேன். அந்த அழுத்தம் எனக்கே சொல்லிக்கொண்டதுதான். உள்ளே எனக்கும் நிச்சயமில்லை. பாடப்புத்தகத்தை எழுதியவர் தளிப் பக்கம் வந்ததில்லை. உங்கள் ஊர் மொத்தமும் தலைமுறை தலைமுறையாக ஒன்றைப் பார்த்துச் சொல்லியிருக்கிறது. ஒருவேளை நான்தான் அவரைக் கொல்கிறேனோ என்று நினைத்துக்கொண்டே கையைக் கழுவினேன்.

அன்று மாலையே என்னைப் பிரசவ வார்டுக்கு மாற்றினார்கள். அங்கிருந்த நர்ஸுக்கு அம்மை போட்டிருந்தது. என் இடத்துக்கு வந்தவள் சோம்பேறி என்று பெயரெடுத்தவள். சீழ்ப் புண் இருக்கும் வார்டுக்குள் பிரசவ வார்டு நர்ஸ் போகக் கூடாது என்பதால் நான் வந்து பார்க்க முடியாது. நீதான் தினமும் சாயங்காலம் பிரசவ வார்டு வராந்தாவுக்கு வந்து நின்றாய், புதுக்குழந்தைகளின் அழுகைக்கு நடுவே கணக்காக ஒப்பிப்பாய்.

"காத்தால பால் குடிச்சாரு. மதியானம் ரெண்டு முட்டை. பருப்புச் சோறு. முழுங்கிட்டாரு, நர்ஸம்மா. வாயத் தெறக்கச் சொல்லி நாக்குக்கு அடியிலகூடப் பாத்தேன்."

"முதுகு தேய்ச்சாங்களா?"

"அந்த நர்ஸம்மா முதுகத் தொடறதே இல்ல. புண்ண மட்டும் கழுவிக் கட்டிட்டுப் போயிடறாங்க. அந்த ரப்பர் வளையத்துலயும் காத்து போயிருச்சு, ஊதறதுக்கு ஆளில்லன்னு தூக்கி வெச்சிட்டாங்க. நோவுதுன்னு சொல்றப்பல்லாம் நானும் தாத்தாவும் பழைய பொடவைய அடியில குடுத்து, ஆளுக்கொரு பக்கம் புடிச்சுக் கொஞ்சம் தூக்கி வெக்கறோம். நீங்க இருந்தா நல்லாப் பாத்திருப்பீங்க."

நான் பல்லைக் கடித்தேன். திரும்பிப் போனதும் அவளை என்ன கேட்க வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கி வைத்துக்கொண்டேன்.

கெடு முடிந்த காலையில் பெரிய சிஸ்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஆண்கள் வார்டுக்கு ஓடினேன். நான் ஓடியதை யாரும் அதுவரை பார்த்ததில்லை. டாக்டர் ஐயா கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். நீ கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, புண்ணைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்தாய். நானும் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் நகத்தின் நுனியால் ஓரத்தைக் காட்டினார். குழியின் விளிம்பைச் சுற்றிச் சிவப்பு. அடியில் சின்னச் சின்ன முத்துகள். "இனி மூடிக்கொள்ளும்" என்றார். கிழவர் தன் கட்டிலிலிருந்தே, "முட்டைத் திருடி பொழச்சிட்டா" என்று கத்தினார். அன்றிலிருந்து வார்டில் உனக்கு அதுதான் பெயர்.

அந்தச் சோம்பேறி நர்ஸை நான் விடவில்லை. முதுகைத் தேய்க்காமல் விட்டதற்கும், வளையத்தை எடுத்ததற்கும் எல்லார் முன்னாலும் அவளைக் கேட்டேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, "ஆறிப்போச்சுல்ல?" என்றாள். திமிர் என்று நினைத்தேன். மறுநாள் என்னை ஆண்கள் வார்டுக்கே திருப்பி அனுப்பினார்கள், நான் மறுபடியும் தேய்க்கத் தொடங்கினேன். புண் ஆறுவது ஏன் மெதுவாகிறது என்று ஒரு வாரம் குழம்பினேன். அப்போதும் நான் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன். முட்டை சரியாகப் போகிறதா என்று மூன்று நாள் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். நல்லவேளை, அவர் தின்ற தீனி என் கையையும் தாங்கிக்கொண்டது.

அவர் ஒரு கால் குட்டையாகி நடந்தார், ஆனால் நடந்தார். மரம் ஏற முடியாது என்பதால் நீ வேலைக்கு வர வேண்டியிருந்தது. நான்தான் உன்னைப் பெரிய சிஸ்டரிடம் அழைத்துப்போனேன். ஆயாவாகச் சேர்ந்தாய். அதன்பின் இருபத்தெட்டு வருடம் ஒரே வார்டில் நானும் நீயும். புண்ணோடு வரும் ஒவ்வொரு ஆளின் மனைவியையும், தாயையும் நீ உட்காரவைத்துச் சொல்வாய்: "என்னை மாதிரி பண்ணிடாதீங்கம்மா. நான் எம் புருஷனக் கொல்லப் பாத்த பாவி. முட்டையத் திருடி அடுத்த கட்டிலுக்குக் குடுத்தேன். அதுலதான் அவரு முதுகு அழுவிப் போச்சு." அவர்கள் பயந்து ஊட்டுவார்கள். என் நூறு சொற்பொழிவு செய்யாததை உன் ஒரு கதை செய்தது. நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நிற்பேன். கதையில் வரும் நல்ல நர்ஸ் நான்தானே.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் பெங்களூரில் ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். என் மகள் வயதுப் பெண் ஒருத்தி பாடம் எடுத்தாள். சிவந்த தோலைத் தேய்க்கவே கூடாது, ஏற்கெனவே நசுங்கிய சதை அதனால் உள்ளே கிழிகிறது என்றாள். ஸ்பிரிட் தோலை உலர்த்திப் பலவீனமாக்கும் என்றாள். ரப்பர் வளையம் தன் நடுவில் அமையும் சதைக்கு ரத்தத்தை வரவிடாமல் நெரிக்கும் என்றாள். சாப்பாடு இல்லாத உடம்புக்கு இந்த மூன்றும் இரட்டிப்புக் கேடு என்றாள். நான் எல்லாவற்றையும் அதே சாய்வெழுத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். வளையம் என்று எழுதும்போது பேனா நின்றுவிட்டது. பிரசவ வார்டு வராந்தாவில் நீ நின்று, "அந்த நர்ஸம்மா முதுகத் தொடறதே இல்ல" என்று சொன்னது அப்படியே கேட்டது. நான் இல்லாத அந்தப் பத்து நாளில்தான் புண்ணில் புதுச் சதை சிவந்தது.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டும்வரை நான் எதிர் இருக்கைக் கம்பியைப் பிடித்தபடியே வந்தேன். வீட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என் கணவர் விசாரித்தார். அவரிடம் மட்டும் சொன்னேன். "பாதி தப்பு அவளுது, பாதி உன்னுது. போய்ச் சொல்லிட்டு வந்துரு, அவ சிரிச்சிட்டுப் போவா" என்றார். நீ சிரிப்பாய் என்பது எனக்கும் தெரியும். அதுதான் முடியாமல் இருந்தது. நீ என்னை மன்னிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குப் பழக்கமில்லை. வார்டில் தேய்ப்பதை நிறுத்தினேன், வளையங்களை எடுத்து உள்ளே பூட்டினேன். ஏன் என்று நீ கேட்டபோது, "புதுச் சட்டம்" என்றேன். என் கணவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதன்பின் அந்த விஷயம் என் ஒருத்தியிடம் மட்டும் இருந்தது.

ஆறு மாதத்துக்கு முன்னால் நீ படுத்துவிட்டாய் என்று கேள்விப்பட்டு தளிக்கு வந்தேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் காரில் ஏறினேன். உன் மகன் வீட்டைச் சுற்றி ரோஜாப் பந்தல்கள். நீ கம்பளிக்குள் ஒரு கைப்பிடியாகக் கிடந்தாய். நான் முதலில் உன் போர்வையை விலக்கி முதுகைத்தான் பார்த்தேன். நீ சிரித்தாய். "இன்னும் அந்தப் புத்தி போவலியா, நர்ஸம்மா?" என்றாய். முதுகு சுத்தமாக இருந்தது. உன் மருமகள் ராகிக் கூழில் பால் விட்டு ஊட்டினாள். விழுங்கிவிட்டு, குழந்தைபோல வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கி எனக்குக் காட்டினாய். பிறகு மருமகளிடம் திரும்பி, மூச்சு வாங்க, அந்தக் கதையை ஆரம்பித்தாய். "நான் ஒரு காலத்துல எம் புருஷனையே கொல்லப் பாத்த பாவி. இவங்க இல்லேன்னா..."

அதுதான் சமயம். என் வாய் திறந்தது. "ரொம்பப் பேசாதே, களைச்சுப்போவே" என்றேன். தலையணையை நேராக்கினேன், போர்வையின் சுருக்கத்தை நீவினேன். நீ என் கையைத் தட்டிக்கொடுத்தாய். இரண்டு மாதம் கழித்து ஃபோன் வந்தது. பாவி என்ற சொல்லை நீ உன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அதில் பாதி எனக்கு வரவேண்டியது.

இன்று மதியம் அந்தச் சூளகிரிப் பெண் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். குழைந்த சாதம், பருப்பு, உரித்த முட்டை ஒன்று. எனக்கு ஐந்து வாரமாகவே எதுவும் இறங்குவதில்லை. முட்டையைப் பார்த்தாலே குமட்டுகிறது. அவளுடைய ஃபோன் அடித்தது. எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வெளியே கம்பெனி பஸ் நின்று ஆட்களை இறக்கும் சத்தம். என் கட்டிலை ஒட்டி ஜன்னல். ஜன்னல் கட்டையில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து என் தட்டைப் பார்த்தது. கையை நீட்டினால் போதும். தட்டு காலியாகிவிடும். அவளும் தட்டைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வாள்.

முட்டையைக் கையில் எடுத்தும்விட்டேன்.

அவள் திரும்பி வந்தபோது அது என் கையிலேயே இருந்தது. "உக்காரு" என்றேன். அவள் பயந்துபோய் உட்கார்ந்தாள். உன் கதையை அவளுக்குச் சொன்னேன். மாசி மாதத்து வண்டியிலிருந்து சொன்னேன். கிழவரின் மீசை, இரண்டு ஓடு, நான் கத்தியது எல்லாம் சொன்னேன். பிறகு நீ ஒருபோதும் சொல்லாத பாதியையும், ஸ்பிரிட்டையும், வளையத்தையும், நீ மெதுவாக என்று கேட்டபோது நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவள் போர்வையை மடித்தாள்.

"அப்ப அவங்க மட்டும் இல்லீங்க, ரெண்டு பேரும்தான்" என்றாள், சாதாரணமாக.

"ரெண்டு பேரும்தான்" என்றேன்.

அவள் பக்கத்திலேயே இருக்க, முட்டையைத் தின்றேன். நான்கு வாய். நடுவில் தண்ணீர் குடித்தேன். அவள் எழுந்து, தட்டை எட்டிப் பார்த்துவிட்டு நோட்டை எடுத்தாள்.

"தட்டப் பாத்து எழுதாதே" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. சிவப்பு நாளைக்கு வெளுக்குமா, பரவுமா என்று எனக்குத் தெரியாது. காலையில் அவள் விரல் அழுத்தும்வரை இந்தப் பயம் இருக்கும். ஆனால் இந்த ஒன்றை உன்னிடமிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். என் வாழ்நாளில் யாருக்கும் செய்யாததைச் செய்தேன். அவள் முன்னால் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினேன்.